அடுப்படிக்கு விடுமுறை எப்போது?

அரையாண்டுத் தேர்வு முடிகிறது. பள்ளி மணி ஒலிக்கிறது. "விடுமுறை!" என்ற கூச்சலோடு பிள்ளைகள் வாயிலைத் தாண்டி ஓடுகின்றனர். ஆசிரியர்களாகிய நாமும் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக் கொள்கிறோம். ஊரெங்கும் அந்த மணி ஓய்வின் ஓசையாகக் கேட்கிறது. ஓரிடத்தில் மட்டும் அதற்கு வேறு பொருள். அடுப்படியில்! அங்கே நிற்கும் தாய்க்கு அது வேலை முடியும் மணி அன்று. வேலை கூடும் மணி.

பள்ளி நாட்களில் பிள்ளைக்கு உணவளித்த சத்துணவுக் கூடம் பூட்டப்படுகிறது. அந்த வேலை வீட்டுக்குத் திரும்புகிறது. பிறகு வருகிறது பொங்கல். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பரணிலுள்ள பாத்திரங்களை இறக்கித் துலக்க வேண்டும். துணிமணி துவைக்க வேண்டும். திண்ணை மெழுக வேண்டும். வாசலில் கோலமிட வேண்டும். புதுக்கோட்டைச் சீமையில் அதோடு முடிவதில்லை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன தச்சங்குறிச்சி நம் மாவட்டத்து ஊர். வாடிவாசல்கள் நிறைந்த மண் இது. காளையை அவிழ்க்க ஒரு கூட்டம், அணைய ஒரு கூட்டம், பார்க்க ஒரு பெருங்கூட்டம். ஊர் ஊராக உறவினர் வருகின்றனர். வந்தவர்க்கெல்லாம் சோறாக்கி, கறி சமைத்து, பந்தி பரிமாறி, எச்சில் இலை எடுத்து, பாத்திரம் கழுவி நிமிர்கையில், தாய்க்கு விழா முடிந்திருக்கிறது. விழாவை அவள் பார்த்தாளா? அதன் புகையைப் பார்த்தாள்!

"அது வீட்டுக்கு வீடு நடப்பதுதானே! இதில் என்ன வரலாறு?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். இருக்கிறது, தோழர்களே. விடுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தாயின் பெயர் எங்கே விடுபட்டது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுமுறை வானத்திலிருந்து விழுந்ததன்று, ஆண்டவன் அருளியதன்று, முதலாளி மனமிரங்கி ஈந்ததுமன்று. கேட்டுப் பெற்றது, போராடிப் பெற்றது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் வார ஓய்வின்றி வாடிய காலத்தில், சோதிபா பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களைத் திரட்டினார். 1890-இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். மறு ஆண்டு, 1891-இன் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை உரிமையாக்கிற்று. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். உழைப்பவனுக்கும் ஒரு நாள் உண்டு என்று இந்தியாவுக்கே முதன்முதல் அறிவித்தார். 1958-இல் சென்னை மாநிலச் சட்டம் தொழிற்கூடத் தொழிலாளிக்குத் தேசிய நாட்களிலும் பண்டிகை நாட்களிலும் ஊதியத்தோடு விடுமுறை அளித்தது.

ஆலைக்கு விடுமுறை வந்தது, அங்காடிக்கு வந்தது, அலுவலகத்துக்கு வந்தது, பள்ளிக்கு வந்தது. பெண்ணும் ஆலைக்குள் சென்றபோது அவளுக்கும் வந்தது. 1934-இன் சென்னை மகப்பேறு நலச் சட்டம், பேறுகால ஓய்வும் தொகையும் தொழிற்சாலைப் பெண்களின் உரிமை என்றது. ஆனால் உற்று நோக்குங்கள்! இச்சட்டங்கள் யாவும் ஆலை வாயிலோடு நின்றுவிட்டன. மாலையில் அதே பெண் வீட்டுக்குள் நுழைந்ததும், அவளுடைய உழைப்புக்குப் பெயர் மாறிவிடுகிறது. ஆலையில் செய்தால் வேலை. அடுப்படியில் செய்தால் கடமை! வேலைக்கு நேரக் கணக்கு உண்டு. கடமைக்கு ஏது கணக்கு?

அந்தக் கடமைக்குக் காவலாக நின்றது எது? வைதீகம். வேலை மிகுந்தால் முணுமுணுப்பு எழும். முணுமுணுப்பு எழாமலிருக்க அந்த வேலைக்கே புண்ணியம் என்று பெயரிட்டனர். நோன்பு நோற்பவள் அவள், பலன் கணவனுக்கு. பட்டினி கிடப்பவள் அவள். படையலைச் சமைப்பவளும் அவளே. ஆண்டு முழுதும் பண்டிகைகளை அடுக்கி வைத்தவர்கள், அவற்றுள் ஒன்றையேனும் அவள் கை ஓய்வதற்கென்று வைத்தார்களா? அவள் அடுப்படியை விட்டு விலகி இருக்க ஆசாரம் அனுமதித்த நாட்கள் மாதத்தில் மூன்று. அதற்கும் ஓய்வு என்றா பெயரிட்டார்கள்? தீட்டு என்று பெயரிட்டார்கள்! ஓய்வைக்கூட இழிவாக்கித் தந்த கொடுமை வேறெங்கும் உண்டோ?

இந்தக் கொடுமையை எதிர்த்து எழுந்ததுதான் சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைச் சூட்டியது. நாம் நாள்தோறும் சொல்லும் அந்தப் பெயரே பெண்கள் தந்த பெயர்! அடுத்த நாளே இந்தி எதிர்ப்பு மறியலில் இறங்கிச் சிறை புகுந்த பெண்களிடையே கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் இருந்தனர். பிள்ளையை ஏந்திய கையோடு அவர்கள் சிறைக்கூடம் செல்லத் துணிந்தார்கள். சோற்றுத் தட்டை ஏந்திய கையோடு சமையற்கூடம் செல்ல நமக்கு இன்னும் துணிவு வரவில்லை!

கசப்பான சொல்தான். ஆனால் முதலில் நமக்கே சொல்லிக் கொள்கிறோம். ஒரு பொங்கல் இரவு, பெண்ணுரிமை பற்றி மேடையில் முழங்கிவிட்டுப் பதினோரு மணிக்கு வீடு திரும்பினோம். நாள் முழுதும் விருந்தினர்க்கு உழைத்த அன்னை, நமக்காக உண்ணாமல் விழித்திருந்தார். சோற்றைச் சுட வைத்தார்; பரிமாறினார். "கூட்டம் எப்படி?" என்று கேட்டார். "பெண்கள் குறைவாகத்தான் வந்தார்கள்" என்றோம். அவர் சிரித்தார். "எப்படி வருவார்கள், அப்பா? எல்லார் வீட்டிலும் நான்தானே இருக்கிறேன்!" என்றார். நாம் பேசிய ஒரு மணி நேரச் சொற்பொழிவு அந்த ஒரு வாக்கியத்தின் முன் நிற்கவில்லை.

பெண்கள் ஏன் வரவில்லை? அறிவு இல்லையா? ஆர்வம் இல்லையா? நேரம் இல்லை! இதற்குச் சான்று வெளியூரில் தேட வேண்டியதில்லை. புதுக்கோட்டை வரலாறே போதும்.

1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானமாக இருந்து, பின் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாக ஆனது புதுக்கோட்டை. வானம் பார்த்த பூமி. குளத்தையும் ஊருணியையும் நம்பிய ஊர்கள். தண்ணீர்க் குடத்தோடு நடந்தே பெண்களின் பொழுது கழிந்த சீமை. விருந்து நாள் என்றால் குடத்தின் எண்ணிக்கையும் கூடும். இங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்கும் திட்டத்துக்கு ஊக்கமளித்தார். கேலி பேசியவர்கள் பேசினர். பெண்கள் ஓட்டினர். 1992-இல் உலக மகளிர் நாளன்று, கைப்பிடியில் கொடி பறக்க, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் அணிவகுத்தனர். இந்த எழுச்சியைத் தமது 1996-ஆம் ஆண்டு நூலில் பதிந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், இம்மாவட்டத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்கிறார்.

அவர் தரும் சிறு செய்தி ஒன்று சிந்திக்கத் தக்கது. பெண்களுக்கென்று செய்த வண்டியை விட ஆண்கள் ஓட்டும் வண்டியைச் சிலர் விரும்பினார்களாம். ஏன்? அதில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே குறுக்குக் கம்பி உண்டு. அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! முன்னே குழந்தை, பின்னே தண்ணீர்க் குடம், நடுவே அவள். விடுதலை பெற்றபோதும் தாய் சுமையை இறக்கி வைக்கவில்லை, சுமையோடு விரைந்தாள். எனினும், பேருந்துக்குக் காத்திருந்த நேரமும், தகப்பனையோ தமையனையோ எதிர்பார்த்திருந்த நேரமும் அவளுக்கே மிச்சமாயின. மிச்சமான நேரத்தில் அவள் எழுதப் படித்தாள், விளைபொருளை விற்றாள், கூட்டத்துக்கு வந்தாள். நேரம் கிடைத்தால் பெண் எழுவாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"சைக்கிள் போல எந்திரங்கள் பெருகினால் போதுமே, சிக்கல் தீர்ந்துவிடுமே!" என்பர் சிலர். எந்திரத்தின் நன்மையை மறுப்பவர் பகுத்தறிவாளர் ஆகார். உலக்கையை அரிசி ஆலை ஓய்வித்தது. ஆட்டுக்கல்லைக் கோவைத் தொழிலாளர் படைத்த மாவரைக்கும் எந்திரம் ஓய்வித்தது. விறகுப் புகையை எரிவாயு விரட்டிற்று. ஏழை இல்லங்களுக்கு எரிவாயு அடுப்பை 2007-இலும், மிக்சியையும் கிரைண்டரையும் 2011-இலும் அரசே விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, 'இலவசம்' என்று இகழ்ந்தவர்கள் ஒரு நாளேனும் ஆட்டுக்கல் அருகே அமர்ந்தவர்கள் அல்லர்.

ஆனாலும் எந்திரம் மட்டும் போதாது. அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலொன்றில் இதை ஆராய்ந்தார். வீட்டுக்கு எந்திரங்கள் வந்தன. ஆயினும் தாயின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று கண்டார். காரணம் யாது? முன்பு ஆணும் பிள்ளைகளும் செய்த வேலைகளை எந்திரம் எடுத்துக் கொண்டது. எஞ்சியவை தாயிடமே குவிந்தன. அதோடு, எது போதும் என்ற அளவும் உயர்ந்துகொண்டே போயிற்று. நம் ஊர்க் கதையும் அதுதானே! நம் பாட்டிமார் காலத்தில் சிற்றூர்களில் இட்லி எப்போது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும்! கல்லில் அரைத்த காலத்தில் அது விழா உணவு. எந்திரம் வந்தது; இட்லி அன்றாட உணவாயிற்று. அன்றாடம் விழாவானால் விழா நாளில் என்ன செய்வது? இட்லியோடு வடை, வடையோடு கேசரி, இரண்டு சட்னி! எந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தை நம் நாக்கு தின்றுவிட்டது.

எந்திரத்துக்கு அடுத்து நிற்பது பொதுச் சமையற்கூடம். 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தார். 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பிள்ளையின் பசி தீர்க்க எழுந்தவை இவை. ஆனால் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்தபோது தாயின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியதே, அதைக் கணக்கெழுதியவர் யார்? 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த காஞ்சியில், குடும்பத் தலைவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அரசு அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடவில்லை. 'உரிமைத் தொகை' என்றது. ஊதியமற்ற உழைப்புக்கு ஏட்டிலே ஓரிடம் கிடைத்தது. ஒரு சொல் மாறுவதற்கு எத்தனை தலைமுறை!

அரசு செய்ய வேண்டியதில் சில செய்தது. செய்ய வேண்டியது இன்னும் உண்டு. வீட்டிலுள்ள ஆண் என்ன செய்தான்? இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் உழைத்தாள்; ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். அதிலும், அவ்வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேரே! 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தனர். பெண்ணின் நேரம் 289 ஆகக் குறைந்தது. மகிழ்ச்சி! ஆணின் நேரம் கூடியிருக்க வேண்டுமே? அதுவும் 88 ஆகக் குறைந்தது! அவள் தோளிலிருந்து இறங்கிய பத்து நிமிடச் சுமை அவன் தோளில் ஏறவில்லை. அவனும் தன் பங்குக்கு ஒன்பது நிமிடம் இறக்கிவிட்டான்!

தாய் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும்? உலகில் ஒரு நாடு அதைக் கண்டிருக்கிறது. வட அட்லாண்டிக் கடலிலுள்ள சிறு தீவு ஐஸ்லாந்து. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலகத்துக்கும் செல்லவில்லை, வீட்டிலும் அடுப்பைத் தொடவில்லை. அதற்கு அவர்கள் இட்ட பெயரே 'பெண்களின் விடுமுறை நாள்'. தந்தையர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலுவலகம் சென்றனர். தாயின் உழைப்பு எவ்வளவு என்பதை நாடு ஒரே பகலில் கற்றது. மறு ஆண்டு சமத்துவச் சட்டம் வந்தது. 1980-இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண்ணை அந்நாட்டு மக்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

நம் தாய்மாரை வேலைநிறுத்தம் செய்யவைக்கும் அளவுக்கு நாம் கல்நெஞ்சர் ஆக வேண்டுமா? வேண்டாம், தோழர்களே. இந்தப் பொங்கலிலேயே தொடங்குவோம். "ஆணுக்குச் சமையல் வராது" என்ற சாக்கு நம் மாவட்டத்தில் செல்லாது. கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறதே, ஆயிரக்கணக்கானோருக்கு ஆட்டுக்கறி ஆக்கி இறக்குவது யார்? ஆண்கள்! ஊரார் முன் அண்டாவைக் கிளறும் கை, வீட்டுக்குள் கரண்டியைத் தொட்டால் தேய்ந்தா போகும்? புகழ் உள்ள இடத்தில் சமையல் ஆணுக்கு வருகிறது. புகழ் இல்லாத இடத்தில் மறந்துவிடுகிறது!

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டார் அனைவரும் உட்காருவோம். வேலைகளை ஒன்று விடாமல் தாளில் எழுதுவோம். அந்தத் தாள் இதுவரை தாயின் தலைக்குள் இருந்தது. அரிசி எப்போது வாங்குவது, யாருக்குத் துணி எடுப்பது, எந்த உறவினர் எப்போது வருவர் என்று அனைத்தையும் நினைவில் சுமப்பதும் வேலையே. கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒவ்வொரு வேலையின் எதிரே ஒருவர் பெயரை எழுதுவோம். வெள்ளையடிப்பதும் பரண் துடைப்பதும் தந்தைக்கு; கடைகண்ணிக்குப் போவது மூத்த மகனுக்கு; பாத்திரம் கழுவுவது மகன், மகள் இருவருக்கும். "அம்மா, என்ன செய்ய வேண்டும், சொல்" என்று மணிக்கொரு முறை கேட்டு நிற்பது உதவி ஆகாது. ஏற்ற வேலையைத் தானே நினைத்துத் தானே முடிப்பதுதான் பங்கு. பலகாரம் பத்து வேண்டாம், இரண்டு போதும். நாமே அதைச் செய்வோம். சற்றுக் கருகினால் கருகட்டும்! தெருவிலே கூடிச் சமத்துவப் பொங்கல் வைக்கும் தோழர்கள், அந்தப் பானையருகே ஆண்கள் நின்று கிளறுவதை ஊர் காணும்படி செய்யட்டும். ஜல்லிக்கட்டு பார்க்கப் போகும் கூட்டத்தில் இம்முறை தாயும் போகட்டும். வீட்டில் ஒருவன் உலை வைக்கட்டும்.

பொங்கல் நம் விழா என்றோம். புராணம் இல்லை, புரோகிதர் இல்லை என்று பெருமையோடு சொன்னோம். உண்மைதான். புரோகிதர் வெளியேறிவிட்டார். தாய் இன்னும் அடுப்படியை விட்டு வெளியேறவில்லையே! உழைப்பைப் போற்றும் திருநாளில், வீட்டில் யாரினும் மிகுதியாக உழைப்பவளுக்கு ஒரு பொழுது ஓய்வில்லை என்றால், அந்த விழாவில் நாம் போற்றியது எதை?

விடுமுறை விடும் நாளில் மாணவர்க்கு வீட்டுப்பாடம் தருவது ஆசிரியர் வழக்கம். இந்த ஆண்டு ஒரே ஒரு பாடம் தருவோம். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுவோம்: "உனக்கு விடுமுறை இத்தனை நாள். உன் தாய்க்கு எத்தனை நாள்?" பையன்களும் பெண்களும் அதைக் குறித்துக் கொள்ளட்டும். விடையை ஏட்டில் எழுதிவர வேண்டாம். வீட்டில் செய்து வரட்டும். அந்த விடை சரியாக வரும் ஆண்டில், நாம் அடிக்கும் மணி அடுப்படியிலும் ஓய்வின் ஓசையாகக் கேட்கும்.